பத்து ஏக்கர் புல்லுக்கு எந்த டிராக்டர் புல்வெட்டி?

தோளில் மாட்டும் பிரஷ் கட்டரை வைத்துக்கொண்டு ஒரு ஏக்கர் புல்லை வெட்டி முடிக்க ஒரு ஆளுக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகிவிடும். இடம் ஐந்து, பத்து ஏக்கர் என்று இருந்தால், கடைசி மூலையை முடிப்பதற்குள் முதலில் வெட்டிய பக்கம் மறுபடி வளர்ந்து நிற்கும். மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். தென்னந்தோப்பு, மேய்ச்சல் காடு, கல்லூரி மைதானம் என்று பெரிய இடம் வைத்திருப்பவர்கள் டிராக்டரில் மாட்டும் புல்வெட்டியை விசாரிக்கத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். விசாரித்தால் ஒருவர் ஸ்லேஷர் என்கிறார், இன்னொருவர் மல்ச்சர் என்கிறார், இணையத்தில் தேடினால் ஃபினிஷ் மோவர், ஃபிளெயில் மோவர், டிஸ்க் மோவர் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

எல்லாமே புல்லைத்தான் வெட்டுகின்றன. வெட்டிய பிறகு அந்தப் புல் என்ன கதியில் கிடக்கிறது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. அதனால் "என் டிராக்டர் இத்தனை எச்.பி., எது பொருந்தும்?" என்று ஆரம்பிக்காமல், வெட்டிய புல் உங்களுக்கு எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். தரை பார்க்க அழகாக இருக்க வேண்டுமா? வெட்டியது அங்கேயே கிடந்து மக்கினால் போதுமா? அல்லது மாட்டுக்கு எடுத்துப் போட வேண்டுமா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதிப் பெயர்கள் பட்டியலிலிருந்து போய்விடும்.

அதற்கு முன் அடிப்படை ஒன்று. டிராக்டரின் பின்பக்கம், இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் பல் வெட்டிய ஒரு குட்டையான தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பி.டி.ஓ. மண்ணைக் கிளறி உழும் ரோட்டவேட்டரைச் சுழற்றுவதும் அதுதான். எஞ்சினின் சக்தியை அது கருவிக்குக் கொடுக்கிறது. பெரும்பாலான டிராக்டர்களில் அதன் வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. சில டிராக்டர்களில் 540 தவிர 750 அல்லது 1000 சுற்றும் லீவரில் மாற்றிக்கொள்ளலாம். 540-க்கு என்று செய்த கருவியை 1000-இல் ஓட்டினால் கியர்பாக்ஸும் பிளேடும் தாங்காது. ஓட்டுநர் புதியவராக இருந்தால் அந்த லீவரை முதலில் காட்டிவிடுங்கள்.

கருவியை டிராக்டரோடு சேர்க்கும் முறையும் இரண்டு. டிராக்டரின் பின்னால் மூன்று இடத்தில் பிடிக்கும் கைகளான மூன்று புள்ளி லிங்க்கில் மாட்டி, ஹைட்ராலிக்கில் தூக்கி இறக்குவது ஒன்று. ரிவர்ஸ் எடுப்பதும் மூலையில் திரும்புவதும் இதில் சுலபம், ஆனால் முழு எடையையும் டிராக்டர் சுமக்க வேண்டும். இன்னொன்று, சொந்தச் சக்கரங்களில் நிற்கும் கருவியைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் போவது. டிராக்டருக்குச் சுமை குறையும், அகலமான கருவியும் வைத்துக்கொள்ளலாம், திரும்ப மட்டும் நிறைய இடம் வேண்டும். மரங்களுக்கு நடுவே புகுந்து வர வேண்டியவர்களுக்கு முதல் வகைதான் சரி. தடையில்லாத திறந்த வெளியாக இருந்தால் இரண்டாவதையும் யோசிக்கலாம்.

எது எதற்கு

நம் பக்கம் அதிகம் விற்பது ரோட்டரி ஸ்லேஷர். தடித்த இரும்புக் கூடு, அதன் மேல் ஒரு கியர்பாக்ஸ், அடியில் சுழலும் ஒரு பட்டை, பட்டையின் இரு முனைகளிலும் ஊஞ்சல் போல ஆடும் இரண்டு கனமான பிளேடுகள். பிளேடை இறுக்கிப் பொருத்தாமல் ஆடும்படி விட்டிருப்பதற்குக் காரணம் உண்டு: கல்லோ வேரோ மோதினால் பிளேடு பின்னால் மடங்கி விலகிக்கொள்ளும். இது புல்லை நறுக்குவதை விட அடித்து முறிக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் பிளேடு சவரக்கத்தி மாதிரி கூராக இருக்க வேண்டியதில்லை. இடுப்பளவு புல், எருக்கு, துத்தி, விரல் பருமன் செடிகள் எல்லாவற்றையும் சமாளிக்கும். அமெரிக்க வீடியோக்களில் புஷ் ஹாக் என்று சொல்வது இதைத்தான். ஆனால் வெட்டிய இடம் கரடுமுரடாக இருக்கும், புல் திட்டுத் திட்டாக விழும். மைதானத்துக்கு ஆகாது.

மைதானம், பெரிய புல்தரை என்றால் ஃபினிஷ் மோவர். நான்கு சக்கரங்களில் உருளும் மெல்லிய கூட்டுக்குள் மூன்று கூரான பிளேடுகள் வேகமாகச் சுழலும். தரையின் ஏற்ற இறக்கத்தை அந்தச் சக்கரங்களே தடவிப் போவதால் வெட்டு ஒரே மட்டமாக வரும். கணுக்கால் உயரப் புல்லை அடிக்கடி வெட்டத்தான் இது. முழங்கால் உயரம் வளரவிட்டு இதை இறக்கினால் பெல்ட் வழுக்கும், அடியில் புல் அடைத்துக்கொள்ளும். ஒரு தடவைக்குப் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல்தரை பராமரிப்பவர்களின் பொதுவான கணக்கு. அதற்கு மேல் எடுத்தால் தரை மஞ்சளாகிவிடும், தேறி வர நாளாகும். வாரம் ஒருமுறை டிராக்டரை எடுக்க முடியாதவர்கள் ஃபினிஷ் மோவர் வாங்குவது வீண். கோல்ஃப் மைதானம், கிரிக்கெட் மைதானம் போன்ற இடங்களில் உருளை வடிவக் கத்திகளை வரிசையாகக் கோத்து இழுத்துப் போவார்கள். அது இன்னும் நுணுக்கமான வேலைக்கு. சாதாரணமாக நமக்குத் தேவைப்படாது.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஃபிளெயில் மோவர். இதே அமைப்பைக் கனமாகச் செய்து மல்ச்சர் என்று விற்கிறார்கள். இதில் சுழல்வது கிடைமட்டமான ஒரு உருளை. அதன் மேல் சிறிய ஆடும் பிளேடுகள் டஜன் கணக்கில் தொங்கும். புல்லைப் பொடிப்பொடியாக நறுக்கிச் சீராகப் பரப்பிவிடும், அதனால் மக்குவதும் வேகம். கூட்டுக்குள் எல்லாம் தரையை நோக்கியே அடிபடுவதால் கல் தெறிப்பதும் ஸ்லேஷரை விடக் குறைவு. வீடு, சாலை, கொட்டகை பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் இழுவை அதிகம், விலையும் அதிகம், மாற்ற வேண்டிய பிளேடும் அதிகம். கையில் பணமும் டிராக்டரில் தெம்பும் இருந்தால் தோப்புக்கு நான் சொல்வது ஃபிளெயில்தான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: விழுந்து கிடக்கும் தென்னை மட்டையையும் சேர்த்து நறுக்க வேண்டுமென்றால், புல்லுக்கான மெல்லிய Y வடிவ பிளேடு பத்தாது. மட்டையின் அடித்தண்டுக்கு சுத்தியல் மாதிரியான கனத்த பிளேடு உள்ள மல்ச்சர் வேண்டும்.

மாட்டுக்குத் தீவனமாக எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன மூன்றுமே உதவாது. அவை புல்லைத் துண்டாக்கி மண்ணோடு கலந்துவிடும், பொறுக்க முடியாது. புல் அடியில் ஒரே ஒரு வெட்டு வாங்கி முழுசாகச் சாய வேண்டும். அதற்குத்தான் பக்கவாட்டில் நீளும் வாள் மாதிரியான சிக்கிள் பார் மோவர். முக்கோணக் கத்திகள் ரம்பம் போல இடமும் வலமும் ஓடி, கத்தரிக்கோல் மாதிரி நறுக்கும். இதற்கு மிகக் குறைந்த சக்தி போதும், சின்ன டிராக்டரே தாராளம். வேகம் குறைவு, சாய்ந்து பின்னிக்கிடக்கும் புல்லில் அடைத்துக்கொள்ளும், ஒரு கல் பட்டால் ஒரு கத்தி போய்விடும். அந்த அடைப்பு இல்லாமல் வேகமாகப் போக வேண்டுமானால், சுழலும் தட்டுகளிலோ உருளைகளிலோ கத்தி பொருத்திய டிஸ்க் மோவர் அல்லது டிரம் மோவர். அவை சக்தி அதிகம் கேட்கும். கொழுக்கட்டைப் புல், குதிரை மசால் போலச் சமதளத்தில் அடர்ந்து நிற்பவற்றுக்கு இவை சரிப்படும். கம்பு நேப்பியர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பார் பிடித்து நட்ட வயலில் டிராக்டர் சக்கரமும் சரியாகப் போகாது, மோவரும் மட்டமாக நிற்காது, தடித்த தண்டு வேறு. அதற்குத் தனியாகத் தீவன அறுவடைக் கருவியோ பிரஷ் கட்டரோதான் நல்லது.

அகலமும் எச்.பி.யும்

இப்போது டிராக்டருக்கு வருவோம். கையேட்டில் போட்டிருக்கும் எச்.பி. எஞ்சினுடையது. பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்வது தோராயமாக அதில் 85 சதவீதம். 24 எச்.பி. மினி டிராக்டர் என்றால் பின்னால் கிடைப்பது 20 சொச்சம், 45 எச்.பி. வண்டியில் 38 அளவு. ஸ்லேஷருக்கும் ஃபினிஷ் மோவருக்கும் ஒரு அடி அகலத்துக்கு 5 பி.டி.ஓ. எச்.பி. என்று வைத்துக்கொள்ளலாம். ஃபிளெயிலுக்கு 6 முதல் 8. சிக்கிள் பாருக்கு 2 போதும். ஆக, 24 எச்.பி. வண்டிக்கு 4 அடி ஸ்லேஷர், 45 எச்.பி. வண்டிக்கு 6 அடி, கொஞ்சம் நீட்டினால் 7 அடி.

குறைந்தபட்ச அகலத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின் டயர்களின் வெளி விளிம்பிலிருந்து விளிம்பு வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். மோவர் அதைவிட இரண்டு அங்குலமாவது அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் மிதித்துப் படுக்கவைத்த புல் வெட்டுப்படாமல் தப்பி, இரண்டு நாளில் எழுந்து நிற்கும். டிராக்டரின் அகலத்துக்கு ஏற்ற மோவரை இழுக்க அதே டிராக்டருக்குச் சக்தி இல்லை என்றால், மோவரை ஒரு பக்கமாகத் தள்ளி மாட்டும் ஆஃப்செட் வகையைக் கேளுங்கள். மரத்தடிக்குள் நுழைக்கவும் அது வசதி.

வேலை வேகத்தையும் போட்டுப் பார்க்கலாம். 5 அடி மோவர், அதாவது 1.5 மீட்டர், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்தில் 7500 சதுர மீட்டர். திரும்புவது, ஒன்றின் மேல் ஒன்று ஏறி வெட்டுவது எல்லாம் கழித்தால் 6000 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். பத்து ஏக்கர் தோட்டம் ஒரு நாள் வேலை.

ஆனால் தோப்பில் இந்தக் கணக்கு அப்படியே வராது. 25 அடி இடைவெளியில் நட்ட தென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தைச் சுற்றி 6 அடி ஆரத்தில் வட்டப்பாத்தி. இரண்டு பக்கமும் கழித்தால் நடுவில் மிஞ்சும் பாதை 13 அடி. 5 அடி மோவருக்கு மூன்று தடவை போய்வர வேண்டும். 6 அடி வாங்கினால்? இரண்டு தடவையில் 12 அடிதான் முடியும், ஒரு அடி மிச்சம், ஆக அதற்கும் மூன்று தடவை! 7 அடி மோவர் என்றால் இரண்டே தடவை. அந்தத் தோப்பில் 5 அடிக்குப் பதில் 6 அடி வாங்கக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்குப் பலனே இல்லை. கடைக்குப் போவதற்கு முன் உங்கள் வரிசைகளை ஒருமுறை அளந்துவிட்டுப் போங்கள்.

தோப்பைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். களை வந்தால் ரோட்டவேட்டரை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. தென்னையின் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள்தான் இருக்கிறது. அங்கே ரோட்டவேட்டர் ஓட்டினால் வேர் அறுபடும், மண் வெயிலில் காயும். மோவர் மண்ணைத் தொடுவதில்லை. வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்க, மேலே நறுக்கிய புல் மூடாக்காகக் கிடக்கிறது. ரோட்டவேட்டர் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும் மோவர் தேவையா என்று கேட்டால், தோப்பு இருந்தால் தேவை என்றே சொல்வேன்.

அப்புறம் எடை. 300 கிலோ ஸ்லேஷரை மினி டிராக்டரின் பின்னால் தூக்கினால் முன்சக்கரம் இலேசாகிவிடும், மேட்டில் ஏறும்போது ஸ்டீயரிங் பிடி கொடுக்காது. முன்னால் எடைக்கட்டி மாட்டிக்கொள்ள வசதி இருக்கிறதா என்று பாருங்கள். லிங்க் பின்னும் வண்டிக்கு வண்டி மாறும். மினி டிராக்டரின் லிங்க் அளவும் 45 எச்.பி. வண்டியின் லிங்க் அளவும் ஒன்றல்ல.

மேய்ச்சல் நிலத்தில்

காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காடுகளில், கொழுக்கட்டைப் புல்தான் உயிர். மாடு நல்ல புல்லைக் கடித்துவிட்டு வேண்டாத செடியை விட்டுவிட்டுப் போகும். விட்டது பூத்து விதை போட்டு அடுத்த வருடம் இரண்டு மடங்காகும். இதைத் தடுக்க மேய்ச்சல் முடிந்தபின் ஸ்லேஷரை ஒரு சுற்று விடலாம். உயரம் முக்கியம்: தரையிலிருந்து 4 அங்குலத்துக்குக் கீழே இறக்க வேண்டாம். புல்லின் குருத்து அடிப்பகுதியில்தான் இருக்கிறது, அதை மழித்துவிட்டால் மழை வந்தாலும் தழைக்கச் சிரமப்படும். கொழுக்கட்டைப் புல் விதை முற்றி உதிரும் வரை காத்திருந்து வெட்டினால், அதுவே அடுத்த விதைப்பும் ஆகிவிடும்.

பார்த்தீனியம் இருந்தால் பூ வருவதற்கு முன்பே வெட்டுங்கள். வெட்டிய அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும், ஆகவே இரண்டாவது முறையும் போக வேண்டியிருக்கும். பூத்த பிறகு மோவரை விட்டால் மகரந்தம் புகை போல எழும், ஓட்டுபவருக்கு மூச்சும் தோலும் பாடுபடும். சீமைக்கருவேலம் வெட்டிய காட்டில் இன்னும் கவனம் வேண்டும். புல்லுக்குள் மறைந்திருக்கும் கட்டை பிளேடையும், முள் டயரையும் பதம் பார்க்கும். நடந்துபோய்ப் பார்த்து, கட்டைகளுக்குக் குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

ஓட்டத் தெரிந்தவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் சுற்றளவு ஏறக்குறைய ஒரு சாண். நாலு முழ வேட்டியின் முனை அதில் சிக்கினால் முழு வேட்டியையும் அது ஒரே நொடியில் சுற்றிவிடும். கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது. ஷாஃப்ட்டின் மேல் வரும் பிளாஸ்டிக் உறையை இடைஞ்சல் என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அதை எறியக் கூடாது, உடைந்தால் புதிது மாட்ட வேண்டும். வேட்டி, லுங்கி, துண்டு, துப்பட்டா எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் கீழே குனிய வேண்டும்.

ஐந்தடி ஸ்லேஷரின் பிளேடு முனை நொடிக்கு 70 மீட்டர் அளவு வேகத்தில் போகிறது. அதில் பட்ட கல் அதே வேகத்தில் வெளியே வரும். கூட்டின் முன்னும் பின்னும் சங்கிலித் திரை இருக்கிற மாடலையே வாங்குங்கள், இல்லை என்றால் வெல்டிங் பட்டறையில் போட்டுக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் நிலத்தில் பிள்ளைகளும் ஆடுமாடும் இருக்கக் கூடாது.

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். சிங்கிள் கிளட்ச் வண்டிகளில் பி.டி.ஓ.வும் கியரும் ஒரே கிளட்ச்சில் ஓடும். நீங்கள் கிளட்ச்சை மிதித்தாலும், சுழன்றுகொண்டிருக்கும் கனமான பிளேடு பி.டி.ஓ. வழியாகவே கியர்பாக்ஸைத் திருப்பி, வண்டியை முன்னால் தள்ளும். எதிரே கிணறோ வேலியோ இருந்தால் ஆபத்து. பி.டி.ஓ.வில் ஃப்ரீவீல் கப்ளிங் ஒன்று மாட்டிவிட்டால் பிளேடு தன்போக்கில் சுற்றி நிற்கும், வண்டியைத் தள்ளாது. சின்னச் சாமான்தான், ஆனால் கட்டாயம் வேண்டும். டூயல் கிளட்ச் வண்டிகளில் இந்தச் சிக்கல் இல்லை.

வேகத்தைக் குறைக்க ஆக்சிலேட்டரை விடுவது புதியவர்கள் செய்வது. அப்படிச் செய்தால் பிளேடின் வேகமும் விழுந்து புல் மடங்கிப் படுத்துவிடும். எஞ்சினைப் பி.டி.ஓ. 540 காட்டும் ஆர்.பி.எம்.மிலேயே வைத்துவிட்டு, கியரை இறக்கி மெதுவாகப் போங்கள். ஸ்லேஷரின் முன்பக்கம் பின்பக்கத்தை விட அரை அங்குலம் தாழ்ந்திருக்கும்படி டாப் லிங்க்கை (மூன்று புள்ளி லிங்க்கின் மேல் கை) திருகிக்கொள்ளுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் ஒரே புல்லை இரண்டு முறை அடித்து டீசல்தான் வீணாகும். தோப்பில் இறங்கும் முன் சொட்டு நீர்க் குழாயைச் சுருட்டி மரத்தடியில் போடுங்கள், நைலான் கயிறும் கம்பியும் கிடந்தால் பொறுக்குங்கள். பிளேடு தண்டில் சுற்றிய கயிறு, கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ஆயில் சீல் வளையத்தை அறுத்துவிடும். ஆயில் ஒழுகுவது வெளியே தெரிவதற்குள் கியர்பாக்ஸ் காய்ந்திருக்கும்.

பிளேடு பாறையில் மோதினால் அடி நேராகக் கியர்பாக்ஸுக்குப் போகாமல் இருக்க இரண்டு வகைப் பாதுகாப்பு உண்டு. ஒன்று, உடைவதற்கென்றே வைத்த ஷியர் போல்ட். அது உடைந்தால் அதே தரத்தில் மாற்ற வேண்டும். அடிக்கடி உடைகிறதே என்று ஹை டென்சைல் போல்ட் போட்டால் அடுத்து உடைவது கியர்பாக்ஸ். மற்றது, அளவுக்கு மீறிய அடி விழுந்தால் உடையாமல் வழுக்கிக்கொடுக்கும் ஸ்லிப் கிளட்ச். விலை கூடுதல், ஆனால் கல் நிறைந்த காட்டுக்கு அதுதான் லாயக்கு. மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்தால் அதன் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சீசன் ஆரம்பத்தில் நட்டுகளைத் தளர்த்தி, ஒருமுறை வழுக்கவிட்டு, மறுபடி அளவாக இறுக்குங்கள்.

வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் வெட்டுபவர்கள் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை கருவிகளை வாடகைக்குத் தருகிறது, பக்கத்து ஊரில் வாடகை மையமும் இருக்கலாம். மானியத்தில் வாங்குவதாக இருந்தால் அந்தத் துறையின் அலுவலகத்தில் விசாரித்து, அனுமதி கைக்கு வந்த பிறகே கடைக்குப் பணம் கட்டுங்கள். கடையில் கருவியைத் தலைகீழாகச் சாய்த்துக் காட்டச் சொல்லிக் கூட்டின் இரும்புத் தகட்டின் கனத்தைப் பாருங்கள், கியர்பாக்ஸ் எத்தனை எச்.பி. தாங்கும் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். பிளேடு, பிளேடு போல்ட், ஆயில் சீல் மூன்றும் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டு, அன்றே ஒரு செட் சேர்த்து வாங்கி வந்துவிடுங்கள்.